கால்வாய்க் கரை வழியே



மிதிவண்டி என்னும் எளிய ஊர்தியை நம் இல்லங்களில் இரண்டு நிலைகளில் காண்கிறோம். வயலுக்கும் தோட்டத்துக்கும் அதிகாலையில் புறப்படும் உழைப்பாளியின் கையில், புல்லுக்கட்டையோ தூக்குவாளியையோ சுமந்து நாள்தோறும் ஓடிக்கொண்டிருப்பது ஒன்று. திண்ணையோரத்தில் சாய்ந்தபடி, சங்கிலி துருப்பிடித்து, சக்கரத்தில் காற்றிறங்கி நிற்பது மற்றொன்று. இந்த இரண்டாவது வண்டி பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைக்கு அரசு வழங்கியதாக இருக்கும். 2001-02ஆம் கல்வியாண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கெனத் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம், 2005-06 முதல் ஏனைய மாணவ மாணவியருக்கும் விரிவாக்கப்பட்டது. அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்புப் பயிலும் பிள்ளைகள் இலட்சக்கணக்கில் இதனால் பயன்பெற்றுள்ளனர்.

அவ்வாறு வந்த வண்டி ஏன் திண்ணையில் நிற்கிறது? தாய்மாரைக் கேட்டால் ஒரே விடைதான் கிடைக்கும்: "ரோட்டிலே லாரியும் பஸ்ஸும் அப்படிப் பறக்குதுங்க, பிள்ளையை எப்படி அனுப்புவது?" இந்த அச்சத்தை வெறும் மனப்பிராந்தி என்று தள்ளிவிட இயலாது. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்திய நாட்டுச் சாலைகளில் மிதிவண்டியில் சென்றோர் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பிள்ளையைத் தடுத்து நிறுத்தும் தாயைக் குறை கூறுவது முறையன்று. ஆனால் சாலை ஆபத்தாகிவிட்டது என்பதற்காகப் பிள்ளையின் காலைக் கட்டிப்போடுவதுதான் வழியா, அல்லது ஆபத்தில்லாத சாலை ஒன்றைத் தேடிக் காண்பது வழியா? இத்திங்கள் இதனைச் சிந்திப்போம். சிந்தனைக்குத் துணையாகக் கம்பம் பள்ளத்தாக்கின் நெடுகிலும் மிதிவண்டியில் ஒரு பயணம் போய் வருவோம்.

முதலில் கடல் கடந்த நாடொன்றைக் காண்போம். பிரான்சு தேசத்தின் நாட்டுப்புறங்களில் இயந்திர வண்டிகள் நுழையக் கூடாத பாதைகள் பல நூறு கிலோமீட்டர் நீளத்துக்கு அமைந்துள்ளன. அவற்றைப் 'பசுமை வழிகள்' என்று அந்நாட்டார் அழைக்கின்றனர். 2004ஆம் ஆண்டில் சாலை விதிகளிலேயே இப்பெயர் இடம்பெற்றது. நடப்போருக்கும், மிதிவண்டியில் செல்வோருக்கும், குதிரையில் செல்வோருக்கும் மட்டுமே உரியது பசுமை வழி என்பது அதன் இலக்கணம். இவற்றுக்கு முன்னோடி 1997இல் பர்கண்டிப் பகுதியில் ஜிவ்ரி என்னும் ஊருக்கும் குளூனிக்கும் இடையே திறக்கப்பட்ட பாதையாகும். குளூனி என்றவுடன் நம் வாசகர்களுக்கு கி.பி. 910இல் அங்கே நிறுவப்பட்ட புகழ்பெற்ற துறவு மடம் நினைவுக்கு வரும். அப்பாதை, 1940இல் சகோதரர் ரோஜர் தொடங்கிய தெசே குழுமம் வாழும் குன்றின் அடிவாரத்தையும் தொட்டுச் செல்கிறது. ஐரோப்பிய இளைஞர் பலர் மிதிவண்டியிலேயே அங்கு வந்து சேர்கின்றனர்.

இந்தப் பாதைகளை அவர்கள் புதிதாக நிலம் வாங்கி அமைத்தார்கள் என்று எண்ண வேண்டாம். இரயில் ஓடாமற்போன பழைய இருப்புப்பாதைகளின் தடங்களையும், கால்வாய்க் கரைகளையுமே அவ்வாறு மாற்றிக்கொண்டனர். 1681இல் நிறைவுற்ற தெற்குக் கால்வாயின் கரைகளில் முற்காலத்தில் குதிரைகள் நடந்து படகுகளை இழுத்துச் சென்றன. குதிரைகள் ஓய்ந்தபின் அதே கரைகளில் இன்று பல இடங்களில் தந்தையும் தாயும் மக்களுமாகக் குடும்பங்கள் மிதிவண்டியில் செல்கின்றன. அந்நாட்டின் தென்மேற்கே லபஸ்தீத் தார்மஞாக் என்னும் சிற்றூரில் 'மிதிவண்டி ஓட்டுவோரின் அன்னை' என்ற பெயரில் ஒரு பழமையான சிற்றாலயமும் உண்டு. ஜோசப் மாசி என்னும் குரு முயன்றதன் பேரில், 1959இல் திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான் காலத்தில் அது இப்பெயர் பெற்றது. பந்தய வீரர்கள் காணிக்கையாக அளித்த சட்டைகள் அதன் சுவர்களில் தொங்குகின்றன.

"இதெல்லாம் வெள்ளைக்காரர் நாட்டுக்குப் பொருந்தும், நமக்கு ஏது அத்தகைய பாதை?" என்று கேட்கலாம். இருப்புப்பாதையைப் பொறுத்தவரை அக்கேள்வி சரியே. மதுரையிலிருந்து தேனி வழியாகப் போடிநாயக்கனூருக்கு 1928இல் இரயில் விடப்பட்டது. 2010ஆம் ஆண்டு முடிவோடு, அகலப்பாதையாக மாற்றும்பொருட்டு அது நிறுத்தப்பட்டது. பதினோரு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தபின் 2022 மே மாதத்தில் தேனிக்கும், 2023 ஜூன் மாதத்தில் போடிக்கும் மீண்டும் இரயில் வந்தது. மாண்டது மீண்டது குறித்து மகிழ்கிறோம். அத்தடத்தில் மிதிவண்டி ஓட்ட வேண்டும் என்று எவரும் விரும்பமாட்டார். ஆனால் மற்றொரு செல்வம் இப்பள்ளத்தாக்கில் குறைவின்றி இருக்கிறது. அதுதான் கால்வாய்க் கரை.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்கே பாய்ந்து அரபிக்கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்றை மறித்து அணை கட்டி, மலையைக் குடைந்து, அந்நீரைக் கிழக்கே திருப்பிய வரலாறு நம் பிள்ளைகளும் அறிந்ததே. பொறியாளர் ஜான் பென்னிகுயிக்கின் விடாமுயற்சியால் எழுந்த அந்த அணை 1895ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் திறக்கப்பட்டது. மலையடிவாரத்தில் உள்ள லோயர்கேம்பில் அவருக்கு எழுப்பப்பட்ட நினைவு மண்டபம் 2013இல் திறந்துவைக்கப்பட்டது. பெரியாற்று நீர் மின்நிலையத்தைக் கடந்து, முல்லையாறாகப் பெருகி, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி எனப் பல ஊர்களை வளப்படுத்தியபின் தேனிக்கு அருகே வைகையோடு சேர்கிறது. இப்பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் நிலம் இதனால் இருபோகம் விளைகிறது. ஆற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்களுக்கும் மேற்கே செல்லும் பதினெட்டாம் கால்வாய்க்கும் கரைகள் உண்டு. அக்கரைகளில் பாதைகள் உண்டு. மதகுகளைக் காக்கும் லஸ்கர்களும், மண்வெட்டியோடு மடை திருப்பச் செல்லும் விவசாயிகளும், வரப்பேறி வேலைக்குப் போகும் பெண்களும் தலைமுறை தலைமுறையாக இட்ட தடங்கள் அவை. பசுமை வழி என்ற பெயர்தான் அவற்றுக்கு இல்லை.

இனிப் பயணத்துக்கு வருவோம். லோயர்கேம்பிலிருந்து தேனி வரை நெடுஞ்சாலைக் கணக்கில் 55 கிலோமீட்டர் அளவில் இருக்கும். நீர் ஓடும் திசையிலேயே செல்வதால் நிலம் மெல்ல மெல்லச் சரிந்து நமக்கு உதவுகிறது. மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தால் போதும். ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பிள்ளைகளோடு செல்வோர் ஒரு காலைப்பொழுதுக்குப் பத்து, பதினைந்து கிலோமீட்டர் என்று பகுத்துக்கொள்வதே நன்று.

கூடலூர் வரை வந்தபின் நெடுஞ்சாலையை விட்டுக் கிழக்கே திரும்பினால் கருநாக்கமுத்தன்பட்டி, சுருளிப்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ஆனைமலையன்பட்டி, இராயப்பன்பட்டி என்று ஊர்கள் வரிசையாக வருகின்றன. ஊருக்கும் ஊருக்கும் இடையே பந்தல் பந்தலாகத் திராட்சைத் தோட்டங்கள். கிழக்கு வானை மறைத்து மேகமலை நிற்கிறது. சுருளிப்பட்டியிலிருந்து சற்றே விலகிச் சென்றால் சுருளி அருவியைக் காணலாம். இராயப்பன்பட்டிக்கு அருகில் மலையடிவாரத்தில் சண்முகாநதி நீர்த்தேக்கம் இருக்கிறது. மோட்டார் வண்டியில் இவ்வழியே செல்பவருக்குத் திராட்சை என்பது சாலையோரக் கடையில் தொங்கும் ஒரு குலை மட்டுமே. மிதிவண்டியில் செல்பவருக்கோ கொடி கவாத்து செய்யப்படுவதும், பிஞ்சு விடுவதும், பழம் கருநீலமாக மாறுவதும் அடுத்தடுத்த தோட்டங்களிலேயே தென்படும். ஏனெனில் பிற இடங்களைப் போலன்றி, இங்கு ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு தோட்டத்தில் அறுவடை நடந்துகொண்டே இருக்கிறது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை இதுவே. 1832ஆம் ஆண்டளவில் பிரெஞ்சு நாட்டுக் குரு ஒருவரே இக்கொடியைத் தமிழகத்துக்குக் கொணர்ந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. பிரான்சின் கொடி இங்கே வேர் பிடித்தது போல அந்நாட்டின் பசுமை வழியும் இங்கே வேர் பிடிக்கக் கூடாதா என்ற ஆசை எழுவது இயல்பே.

மேற்குப் பக்கமாகச் செல்ல விரும்புவோருக்குப் பதினெட்டாம் கால்வாயை ஒட்டிய வட்டாரம் இருக்கிறது. கோம்பை, பண்ணைப்புரம், தேவாரம் ஆகிய ஊர்களின் பக்கமாக அது போடியை நோக்கிச் செல்கிறது. பண்ணைப்புரம் இசையமைப்பாளர் இளையராஜா பிறந்த ஊர் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். ஆற்றை ஒட்டி நடுவே செல்வோர் சின்னமனூரைக் காண்பர். பாண்டிய மன்னரின் வமிசாவளியை நமக்கு அறிவித்த சின்னமனூர்ச் செப்பேடுகள் அவ்வூரின் பெயராலேயே வழங்குகின்றன. நெல்வயலும் வாழைத்தோட்டமும் தென்னந்தோப்பும் மாறி மாறி வரும் அப்பகுதியில், வாகன இரைச்சல் ஓய்ந்த இடத்தில் மடைநீரின் ஓசையும் மீன்கொத்தியின் குரலும் கேட்கும். வரலாற்றுப் பாடமும் நிலநூற் பாடமும் வகுப்பறையில் ஒரு மாதம் படித்தும் பதியாதவை, இரண்டு காலைப்பொழுதுகளில் பிள்ளையின் மனத்தில் பதிந்துவிடுவதைக் காணலாம்.

காலம் பார்த்துப் புறப்படுவதும் தேவை. தென்மேற்குப் பருவக்காற்று மலையின் இடைவெளி வழியாக இப்பள்ளத்தாக்கில் பெருவேகத்தோடு புகுவது ஆனி, ஆடி மாதங்களில். லோயர்கேம்பிலிருந்து தேனி நோக்கிச் செல்பவருக்கு அது முதுகில் கை வைத்துத் தள்ளும். எதிர்த் திசையில் செல்பவருக்கோ மிதித்தும் நகராத சோதனையாகிவிடும். ஆகவே ஆடிக்காற்றில் போகும்போது மிதிவண்டியிலும், திரும்பும்போது வண்டியைப் பேருந்தின்மேல் ஏற்றியோ சரக்கு வண்டியில் போட்டோ வருவது அறிவுடைமை. கார்த்திகை, மார்கழி மாதங்களில் சபரிமலைக்குச் செல்லும் வாகனங்கள் இப்பள்ளத்தாக்கு வழியே இரவும் பகலும் ஓடும். அந்நாட்களில் நெடுஞ்சாலையைக் குறுக்கே கடப்பதற்குக்கூடப் பெரியவர் ஒருவர் முன்னின்று பிள்ளைகளை அழைத்துச் செல்ல வேண்டும். தை பிறந்தபின் வரும் இளங்குளிர் வாரங்களே குடும்பத்துக்கு ஏற்றவை.

புறப்படுமுன் வண்டியைப் பட்டறையில் காட்டி, பிரேக் பிடிக்கிறதா, டயர் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பஞ்சர் ஒட்டும் சாமான்களும் சிறு பம்பும் ஒருவரிடமேனும் இருக்கட்டும். கால்வாய் முழுக் கொள்ளளவில் ஓடும் நாட்களில் கரை வழுக்கும். தடுப்புச் சுவரும் இராது. அந்நாட்களில் சிறு பிள்ளைகளைக் கரைமேல் ஓட்ட விடலாகாது. வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பதோ கிராமச் சாலையில் செல்வதோ தக்கது. தோட்டத்தில் மருந்து தெளிக்கக் கண்டால் காற்று வீசும் பக்கம் பார்த்து விலகிச் செல்லுங்கள். கேளாமல் ஒரு திராட்சையையும் பறிக்க வேண்டாம். கேட்டால், இவ்வூர் மக்கள் ஒரு குலையாகவே கொடுத்தனுப்புவர்!

இதுவரை சொன்னது பயணம். இனிச் சொல்ல இருப்பதே முக்கியமானது.

இக்கரைவழிகளும் கிராமச் சாலைகளும் இன்று அமைதியாக இருக்கின்றன என்றால், எவரும் அவற்றைக் காத்ததால் அன்று; பெரிய வண்டிகள் இன்னும் அங்கே வராததால்தான். சில இடங்களில் கரை சரிந்தும் சீமைக்கருவேல் அடைத்தும் கிடக்கிறது. சில இடங்களில் மணலும் மண்ணும் ஏற்றிய வண்டிகள் ஓடிப் பள்ளமாகிவிட்டது. குறுக்குவழி தேடும் மோட்டார் சைக்கிள்கள் நாளுக்கு நாள் பெருகுகின்றன. நெடுஞ்சாலையில் ஊர்களுக்கு வெளியே புறவழிச்சாலைகள் போடப்பட்டுள்ளன. விரைந்து செல்ல விரும்புவோருக்கு அவ்வழி திறந்தே இருக்கிறது. ஆனால் மெதுவாகச் செல்பவருக்கென்று ஒரு முழம் பாதையும் எங்கும் ஒதுக்கப்படவில்லை. மெதுவாகச் செல்பவர் யார்? பள்ளி செல்லும் சிறுமி. தோட்டக் கூலிக்குப் போகும் தாய். பால் கேனை மாட்டிக்கொண்டு வரும் முதியவர். பிரான்சில் பசுமை வழியில் உல்லாசப் பயணிகள் மகிழ்கிறார்கள் என்பது உண்மையே. நம் நாட்டில் அத்தகைய வழி முதலில் தேவைப்படுவது இவர்களுக்கே. இவர்கள் அச்சமின்றிச் செல்லும் வழியில் குடும்பப் பயணமும் தானாகவே இனிமையாக அமையும்.

"விவசாயியின் டிராக்டர் எங்கே போகும்?" என்ற கேள்வி எழும். நியாயமான கேள்வி. கரை உழவனுக்காகவே ஏற்பட்டது. அவனைத் தடுத்துவிட்டு வேறொருவருக்குப் பாதை தருவது அநீதி. பிரான்சின் மிதிவண்டிப் பாதைகள் பல, நாட்டுப்புறச் சாலைகளின் வழியாகச் செல்லும்போது, அவ்விடங்களில் அக்கம்பக்கத்தாரின் வண்டிகளுக்கும் உழவு வண்டிகளுக்கும் இடமளிக்கின்றன. தடுக்கப்படுவது வெளியிலிருந்து குறுக்கே புகும் வண்டி மட்டுமே. கரையின் தொடக்கத்தில் இரண்டு கல்தூண்களும், பூட்டுப் போட்ட ஒரு குறுக்குக் கம்பியும், அதன் சாவி நீரைப் பயன்படுத்தும் விவசாயிகளிடமும் இருந்தால், மிதிவண்டி நுழையும். டிராக்டர் வேண்டும்போது போகும். மணல் லாரி போகாது.

இப்பள்ளத்தாக்கு மக்களுக்குப் பங்கீடு என்பது புதிதன்று. தண்ணீர் குறைந்த ஆண்டுகளில், மேல்மடைக்காரரும் கடைமடைக்காரரும் முறை வைத்துப் பாய்ச்சிக்கொள்கின்றனர். மேல்மடையில் இருப்பவர் வலியவர் என்பதற்காக முழு நீரையும் எடுத்துக்கொண்டால் கடைமடை காய்ந்துவிடும் என்பதை எழுத்தறியாத முதியவரும் அறிவார். சாலையும் அவ்வாறே. இயந்திரம் வைத்திருப்பவர் வலியவர் என்பதற்காகச் சாலை முழுவதையும் அவரே எடுத்துக்கொண்டால், மிதிவண்டிக்காரர் கடைமடையாகக் காய்ந்துபோகிறார். நீரை முறை வைத்துப் பங்கிடும் ஊர், வழியையும் முறை வைத்துப் பங்கிட முடியும். பள்ளி நேரமாகிய காலை இரண்டு மணியும் மாலை இரண்டு மணியும் கரைவழி மிதிவண்டிக்கும் நடப்பவருக்கும் உரியது என்று ஓர் ஊர் முடிவுசெய்தால், அதனை நிறைவேற்றப் பெருஞ்செலவு ஏதும் இல்லை.

எங்கே முடிவுசெய்வது என்று கேட்கலாம். குடியரசு நாள், தண்ணீர் நாளாகிய மார்ச்சு 22, மே முதல் நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள், உள்ளாட்சி நாளாகிய நவம்பர் முதல் நாள் என்று ஆண்டுக்கு ஆறு முறை நம் தமிழகத்தில் கிராம சபை கூடுகிறது. அங்கே நம் பங்கு மக்களும் பிற சமயச் சகோதரரும் சேர்ந்து எழுந்து, ஒரே ஒரு கிலோமீட்டர் கரைக்குத் தீர்மானம் கேட்கட்டும். கரை நீர்வளத்துறையைச் சார்ந்ததாகையால் தீர்மானத்தை அத்துறைக்கு அனுப்பி இசைவு பெற வேண்டும். கருவேலை வெட்டவும், சரிந்த கரையில் மண்ணிடவும், புங்கனும் வேம்பும் நாவலும் நட்டு இரண்டு கோடை தண்ணீர் ஊற்றவும் நம் இளைஞர் மன்றங்கள் முன்வரலாம். படைப்பு நம் பொது இல்லம் என்று 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் தம் சுற்றுமடலில் நினைவூட்டியதை நம் கூட்டங்களில் பலமுறை வாசித்திருக்கிறோம். அதனைச் செயலில் காட்ட இது ஒரு சிறு வாய்ப்பு.

இயலுமா என்று ஐயுறுவோர் புதுக்கோட்டையை நினைத்துக்கொள்ளட்டும். 1991-92இல் அறிவொளி இயக்கம் அங்கே நடைபெற்றபோது, மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் மிதிவண்டி ஓட்டப் பழகுவதையும் எழுத்தறிவோடு சேர்த்தார். கல்லுடைக்கும் பெண்களும் வயலில் உழைக்கும் பெண்களும் பல்லாயிரவராகக் கற்றுக்கொண்டனர். தொடக்கத்தில் ஏளனம் செய்தவர் பலர். சில திங்களில் ஏளனம் அடங்கியது; மிதிவண்டி ஓட்டும் பெண் ஊருக்குப் பழகிய காட்சியாகிவிட்டாள். தண்ணீர் கொண்டுவரவும், விளைபொருளைச் சந்தைக்கு எடுத்துச் செல்லவும், பிள்ளையைப் பள்ளியில் விடவும் பிறரை எதிர்பார்க்க வேண்டிய நிலை அவளுக்கு மாறியது. ஒரு மாவட்டப் பெண்கள் ஓட்டிக் காட்டியிருக்க, ஒரு பள்ளத்தாக்கு மக்கள் அவர்களுக்குப் பாதை ஒதுக்கிக் காட்டக் கூடாதா?

ஆகவே, குடும்பத்தாரே, இத்திங்களில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து காலை உணவும் ஆனபின், திண்ணையில் நிற்கும் வண்டியைக் கீழே இறக்குங்கள். சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, காற்றடித்து, பெற்றோரும் பிள்ளைகளுமாக உங்கள் ஊர் வாய்க்கால் கரையில் ஐந்து கிலோமீட்டர் சென்று வாருங்கள். கம்பம் பள்ளத்தாக்கினர் முல்லையாற்றங்கரையிலும், பிற பகுதியினர் தத்தம் ஏரி, கண்மாய்க் கரைகளிலும் செல்லலாம். எந்த இடத்தில் பாதை நன்று, எங்கே உடைந்திருக்கிறது, எந்த இடத்தில் வண்டிகள் குறுக்கே புகுகின்றன என்பதைப் பிள்ளையைக் கொண்டே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த கிராம சபைக்கு அந்தத் தாளோடு செல்லுங்கள்.